முதலில் குருவி

தீனிக் கிண்ணத்தை ஊதுவதற்கென்று மாமா தனியாக ஒரு மூச்சு வைத்திருந்தார். கேனரிக் குருவி தினையை முழுதாக விழுங்காது. ஒவ்வொரு மணியாக அலகில் உருட்டி, உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு, உமியைக் கிண்ணத்திலேயே துப்பிவிடும். சாயங்காலம் எட்டிப் பார்த்தால் கிண்ணம் நிறைய தீனி இருப்பது போலவே தெரியும். பாதிக்கு மேல் வெறும் உமி. அப்படியே விட்டால், நிறைந்த கிண்ணத்தின் முன்னால் குருவி பட்டினி கிடக்கும். மாமா கிண்ணத்தை எடுத்து ஜன்னலோரம் வந்து, வாய்க்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, உதட்டைக் குவித்து, சூடான பாலை ஆற்றுவது போல ஊதுவார். பலமாக ஊதினால் தினையும் பறந்துவிடும். மெல்ல ஊதினால் உமி அசையாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள மூச்சு அது. உமி மட்டும் எழும்பி வெளியே போகும். கிண்ணத்தைக் குலுக்குவார், அடியில் கிடந்த உமி மேலே வரும், மறுபடி ஊதுவார். கடைசியில் விரல் நுனியால் தினையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூண்டில் மாட்டுவார்.

நான் ஊதினால் தினை தரையெங்கும் சிதறும்.

"மச்சான் ஊதினா குருவிக்கு அன்னிக்குப் பட்டினி, எறும்புக்கு விருந்து" என்பார்.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. காளான் பண்ணையில் கொட்டகைப் பொறுப்பு அவருடையது. அங்கே எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. பண்ணை முதலாளி கட்டிய கட்டடத்தில் மூன்றாவது மாடியில் எங்களுக்கு வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. வேலை இருக்கிறவரை வீடு என்பது ஏற்பாடு. அக்கா, மாமா, நான்காம் வகுப்பு படிக்கும் அவர்கள் பெண் குட்டி, அப்புறம் நான். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த எனக்கு முன்னறையில் ஒரு பாயும் ஜன்னல் திண்டில் புத்தகம் அடுக்க இடமும் கொடுத்திருந்தார்கள். பாய்க்கு மேலே கூண்டு. முடிவெட்டுகிற ஒருவர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குக் குடிபோனபோது, கூண்டோடு மாமாவிடம் தந்துவிட்டுப் போன குருவி அது. எலுமிச்சை மஞ்சள். பாடும்போது அலகை அதிகம் திறக்காது. தொண்டை மட்டும் கொதிக்கிற பானை மூடி மாதிரி துடிக்கும். குழாயைத் திறந்தால் பாடும். அக்கா மிக்ஸியைப் போட்டால் அதற்கும் மேலே பாடும். மாமா அதற்கு வித்வான் என்று பட்டம் கொடுத்திருந்தார்.

"வித்வானுக்குப் போட்டி பிடிக்காது, மிக்ஸியை நிறுத்து" என்பார் அக்காவிடம்.

"உங்க வித்வானை நிறுத்தச் சொல்லுங்க. சட்னி அரைக்கணுமா வேண்டாமா?"

பண்ணைக்கு ஒருமுறை மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். வேகவைத்து ஈரம் வடித்த வைக்கோலைப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, நடுநடுவே காளான் வித்தைத் தூவி, பைகளை இருட்டறையில் வைப்பார்கள். உள்ளே வெள்ளை நூல் ஓடி வைக்கோல் முழுக்கப் பிடித்ததும், பைகளைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து கயிற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவார்கள். கொட்டகையில் எப்போதும் ஈரம். தண்ணீர் புகையாக இறங்கிக்கொண்டே இருக்கும். பையில் குத்திய ஓட்டைகளிலிருந்து சிப்பிக் காளான்கள் காது காதாக வெளியே வரும். எல்லாப் பைகளும் எதையோ ஒட்டுக் கேட்பது போல இருந்தது எனக்கு.

எப்போது பறிப்பது என்பதுதான் மேஸ்திரியின் வேலை. காளானின் ஓரம் கீழ்நோக்கி மடிந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும். ஓரம் நிமிர்ந்துவிட்டால் அடியில் இருக்கும் மடிப்புகளிலிருந்து வெள்ளைத் தூள் கொட்ட ஆரம்பிக்கும். அதுதான் காளானின் விதை. பண்ணையில் அதற்கு மாவு என்று பெயர். ஆனால் ஒரு நாள் கூடுதலாக விட்டால் எடை ஏறும் என்பது முதலாளியின் கணக்கு. அதனால் கொட்டகையில் எப்போதும் பாதிக் காளான் ஓரம் நிமிர்ந்துதான் நிற்கும். கதவைத் திறந்து வெயில் உள்ளே விழுந்தபோது, அந்த வெளிச்சத் துண்டில் மாவு புகை மாதிரி சுழன்றதை நான் பார்த்தேன். கதவை மூடியதும் ஒன்றும் தெரியவில்லை. முகமூடிகள் கொடுத்திருந்தார்கள், அந்த ஈரத்தில் அவை நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் தாடைக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். மாமாவும்.

அந்த வருஷம் குட்டியின் பள்ளியில், வீட்டோடு தொடர்புள்ள இரண்டு உயிர்களை ஒப்பிட்டு எழுதி வரச் சொன்னார்கள். குட்டி யோசிக்கவே இல்லை. குருவி, காளான். சாயங்காலம் மாமாவின் முன்னால் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, காளான் செடியா?"

"செடி இல்ல. இலையும் இல்ல, வேரும் இல்ல, வெயிலும் கேக்காது."

"அப்ப என்ன?"

"அது தனி ஆளு."

"எங்க மிஸ் சொன்னாங்க, செடியைவிட மிருகங்களுக்குத்தான் காளான் கிட்டத்துச் சொந்தமாம்."

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வித்வான் நமக்குப் பங்காளி, காளான் ஒண்ணுவிட்ட பங்காளி. பரவால்ல, பகல்ல ஒருத்தன் வீட்ல இருக்கேன், ராத்திரி ஒருத்தன் வீட்ல இருக்கேன்" என்றார்.

"ஒருத்தன் வீட்லயாவது பாத்திரம் கழுவி வெச்சிருக்கீங்களா?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

"சொல்லுப்பா, வேற என்ன வித்தியாசம்?"

மாமா கூண்டைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். குருவிக்குக் காய்ந்த காற்று வேண்டும், காளானுக்கு ஈரம். குருவி இருட்டினால் வாயை மூடிவிடும். காளான் இருட்டில்தான் வேலையை ஆரம்பிக்கும். "அப்புறம், குருவிக்கு உடம்பு சரியில்லன்னா பாட்டை நிறுத்திடும். வீட்டுக்கே தெரிஞ்சிடும். காளான் வாயே திறக்காது. நாமதான் ஓரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கணும்."

"எது நல்லது?"

"ரெண்டும் நம்ம வீட்டுதுதானே, இதுல எது நல்லது எது கெட்டதுன்னு எழுதுவ?"

"கடைசியில முடிவுரை எழுதணும்பா. இல்லாட்டி மார்க் போட மாட்டாங்க."

"அப்ப யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மாமா. அவருக்கு அன்றைக்கும் காய்ச்சல் வர ஆரம்பித்திருந்தது.

அது சில மாதங்களாக இருந்தது. வேலையிலிருந்து வந்து, குளித்து, குருவிக்குக் கிண்ணம் ஊதிவிட்டு உட்காருவார். கொஞ்ச நேரத்தில் உடம்பு நடுங்கும். நெஞ்சை யாரோ துணி பிழிவது போலப் பிழிகிறார்கள் என்பார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூண்டுக்குக் கீழே என் பாயிலேயே படுத்துவிடுவார். காலையில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து போவார். பிறகு காலையிலும் இருமல் நிற்கவில்லை. பிறகு மாடிப்படி. இரண்டாவது மாடித் திருப்பத்தில், தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதைப் பற்றிய பழைய அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. மாமா தினமும் அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். தொட்டியைச் சுத்தம் செய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கடைசியில் கிண்ணத்தை ஊத அவரால் முடியவில்லை. ஊதினார், உமி எழும்பி அப்படியே திரும்பக் கிண்ணத்தில் விழுந்தது. மறுபடி ஊதினார். அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் எங்கள் மூவரையும் அவள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நெஞ்சு டாக்டரம்மா பொறுமையானவர். நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு, மாமாவின் வேலையைக் கேட்டார், வீட்டைக் கேட்டார், தலையணையில் என்ன அடைத்திருக்கிறது என்று கேட்டார், கடைசியில் வீட்டில் பறவை உண்டா என்று கேட்டார்.

"ஒரே ஒரு கேனரி" என்றாள் அக்கா.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஏதோ ஒரு நுண்ணிய தூள் தினமும் உள்ளே போகுது. நுரையீரல் அதோட சண்டை போட்டுச் சண்டை போட்டுத் தன்னையே புண்ணாக்கிக்குது. பறவையோட இறகுத் தூளும் எச்சமும் இதைச் செய்யும். காளான் மாவும் இதைச் செய்யும். படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரத்தம் எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புறேன், முடிவு வர நாளாகும். எப்ப அதிகமாகுது?"

"சாயங்காலம். வீட்ல" என்றார் மாமா.

"அதை வெச்சுச் சொல்ல முடியாது. தூள் உள்ளே போய் பல மணி நேரம் கழிச்சும் காய்ச்சல் வரும். லீவு நாள்ல எப்படி இருக்கு?"

"காளானுக்கு ஏது டாக்டர் லீவு? அது பாட்டுக்கு வளந்துக்கிட்டே இருக்கு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முடிவு வர்ற வரைக்கும் ரெண்டையும் விட்டு விலகியிருங்க. இது இப்படியே போனா உள்ளே தழும்பாயிடும். தழும்பு திரும்பாது."

வீடு வந்து சேர்ந்தோம். அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் பேசியதில் அவள் காதில் விழுந்தது மாமாவின் பதில் மட்டும்தான்.

"சாயங்காலம், வீட்ல. நீங்களே சொன்னீங்க. கிண்ணத்தை மூஞ்சிகிட்ட வெச்சுத் தினமும் ஊதுறீங்க. தூள் வேற எங்க போகும்?"

"இருக்கலாம்" என்றார் மாமா.

"முதல்ல குருவி. அது போயும் உங்களுக்கு நிக்கலன்னா, வேலை. வீடு போனா போகட்டும். நான் நாலு வீட்ல பாத்திரம் தேய்ப்பேன். இதுல பேச்சே கிடையாது."

"மச்சானோட புத்தகத்தையெல்லாம் எந்த ரோட்ல அடுக்குறது? குட்டி ஸ்கூலு?"

"விளையாடாதீங்க. குருவி போன நாள்லேருந்து பாக்கப்போறேன். ரெண்டு வாரம். இந்த இருமல் இப்படியே இருந்துச்சுன்னா நானே முதலாளிகிட்ட போய்ச் சொல்லிடுவேன்."

அவள் செய்வாள் என்பது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "சரி. குருவிதானே, குடுத்துடுறேன். ஆனா என்னைக்குன்னு நான் சொல்றேன்" என்றார்.

குட்டி அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. அடுத்த தெருத் தையல்காரர் குருவியை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஆனாலும் மாமா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். பிரிய மனம் வரவில்லை என்று நானும் அக்காவும் நினைத்தோம். அக்கா அவரை அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், வேலை நேரத்திலேயே வீட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் வைக்கோல்.

"பச்சை பிடிச்சிருச்சு" என்றார்.

காளான் பண்ணையில் அதைவிடக் கெட்ட சொல் கிடையாது. வெள்ளை நூல் ஓடிய பையில் பச்சைப் பூஞ்சை ஒரு பொட்டு தெரிந்தால் போதும், பக்கத்துப் பைகளுக்கும் தாவிவிடும். எல்லாப் பைகளையும் வெளியே எடுத்துப் புதைத்துவிட்டு, கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, காயவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலாளி வேறு ஊரில் இருந்தார். போனிலேயே சரி என்று சொல்லிவிட்டாராம்.

"கெட்டது வந்தா ஒண்ணா வராது, குடும்பத்தோடதான் வரும்" என்றாள் அக்கா. "அப்ப வேலை இல்லையா?"

"கொட்டகைதான் காலி. வேலை எங்க போச்சு? வைக்கோல் வேகவைக்கணும், புதுப் பை கட்டணும். தினமும் போகணும்."

மறுநாள் காலையில் கூண்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, அவரே தூக்கிக்கொண்டு போய்த் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். சுவரில் கூண்டு தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. நான் அந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டப் போனேன். "வேண்டாம் விடு" என்றார்.

அந்த வாரமே காய்ச்சல் நின்றது. அடுத்த வாரம் இருமல் குறைந்தது. ஒரு நாள் சாயங்காலம் படியில் காலடிச் சத்தம் நிற்காமல் மேலே வந்தது. அறிவிப்பைப் படிக்காமல் வந்துவிட்டார். கையில் அரிசி மூட்டை வேறு. அக்கா கதவைத் திறந்து அவரைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், அப்படியே அழுதுவிட்டாள்.

"பாத்தியாடா? நான் சொன்னேன்ல? பாட்டுப் பாடியே ஆளை முடிச்சிருக்கும் அது."

"வித்வானைத் திட்டாத. அதுக்கென்ன தெரியும்" என்றார் மாமா. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் அக்காவைப் பார்க்காமல் நேரே குளிக்கப் போனார்.

குட்டியும் கோபத்தை விட்டாள். அப்பா படியில் ஓடிவருவதற்குக் காரணம் கிடைத்ததும், கட்டுரைக்கு முடிவுரையும் கிடைத்துவிட்டது. அழகான பொருள்கள் சில சமயம் ஆபத்தானவை. குருவி பார்க்க அழகாக இருந்தாலும் மனிதனின் நெஞ்சுக்குக் கெடுதல். காளான் பேசாமல் இருந்தாலும் மனிதனுக்கு உணவாகி உதவுகிறது. ஆகவே காளானே சிறந்தது. மிஸ் முழு மதிப்பெண் போட்டு வகுப்பில் படிக்கச் சொன்னாராம். வீட்டிலும் எழுந்து நின்று படித்துக் காட்டினாள். மாமா கை தட்டினார்.

புதுப் பைகளில் காளான் வந்தது. ஓரம் நிமிர்ந்தது. இருமலும் வந்தது.

முதலில் அவர் அதை மறைத்தார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருமுவார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மறுசத்தம் போட இப்போது குருவி இல்லை. அதனால் இருமல் எங்களுக்குக் கேட்டது. அக்கா வீட்டைச் சந்தேகப்பட்டாள். குருவியின் பழைய தூள் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். திரைச்சீலையை எரித்தாள். என் பாயை எரித்தாள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். என் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகத் தட்டினாள். ஒரு கவிதைத் தொகுப்பின் நடுவிலிருந்து நிஜமாகவே ஒரு மஞ்சள் இறகு விழுந்தது. அதைப் பாம்பைப் பார்த்தது போலப் பார்த்தாள்.

"இதோ. இதுதான்."

"இருக்கும்" என்றார் மாமா கட்டிலில் சாய்ந்தபடி. "நல்லா அலசு. இன்னும் இருக்கும்."

அவர் மறுபடி இரண்டாவது மாடியில் நிற்கத் தொடங்கினார். பிறகு முதல் மாடியிலும். ஒருநாள் நான் மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் நிமிர்ந்து, "தொட்டியைச் சுத்தம் பண்ணப்போறாங்களாம் மச்சான்" என்றார்.

கொட்டகை வாசலில் அவர் விழுந்த அன்று, பண்ணையில் எடை போடுகிற அம்மாதான் போன் செய்தார். அதே வாரத்தில் ஆய்வக முடிவும் வந்தது. முதலில் அனுப்பிய ரத்தம் வழியிலேயே கெட்டுப்போய், இரண்டாம் முறை எடுத்து அனுப்பியிருந்தார்கள். டாக்டரம்மா எங்களை உட்காரச் சொன்னார். குருவித் தூளுக்கு அவருடைய ரத்தத்தில் எந்த எதிர்ப்பும் இல்லை. காளான் மாவுக்கு ஏராளமாக இருந்தது.

"ஆனா குருவி போனதும் நல்லா ஆனாரே டாக்டர்" என்றாள் அக்கா. "நாங்க கண்ணால பாத்தோமே."

"அந்த நேரத்துல வேற ஏதாவது மாறுச்சா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பச்சை பிடித்த கொட்டகை அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. காலியாகக் கிடந்த கொட்டகை. மாவு இல்லாத நாட்கள்.

தழும்பு நன்றாகப் பரவியிருந்தது. இனி கொட்டகை வேண்டாம் என்றார் டாக்டரம்மா. போக வேண்டும் என்றாலும் மாமாவால் முடிந்திருக்காது.

வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. முதலாளி, முடிகிறவரை வீட்டில் இருங்கள் என்று சொல்லி அனுப்பினார். எது முடிகிறவரை என்று யாரும் கேட்கவில்லை. மூக்கில் குழாயோடு மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அந்த வெள்ளைக் குழாய்க்கு அவர் பட்டப்பெயர் எதுவும் வைக்கவில்லை.

அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான்தானே குருவின்னு சொன்னேன். முதல்ல வேலைன்னு சொல்லியிருந்தா…"

"பச்சை பிடிச்சதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றார் மாமா. நடுவில் மூச்சு எடுத்துக்கொண்டு, "அந்த நேரம் பாத்து அது பிடிச்சிருச்சு. யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்க. விடு" என்றார்.

ஒருநாள் குட்டி தன் கட்டுரையோடு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, முடிவுரை தப்பாப் போச்சு. மிஸ்கிட்ட சொல்லணும்."

"மார்க் போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சு."

"அப்ப விடு. போட்ட மார்க்கை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா?"

தையல்காரர் பார்க்க வந்தார். குருவியைத் திருப்பிக் கொடுத்துவிடவா என்று அக்காவிடம் வாசலிலேயே கேட்டார். டாக்டரம்மா கூடாது என்று சொல்லியிருந்தார். மிச்சமிருக்கிற நெஞ்சுக்கு இனி எந்தத் தூளும் ஆகாது. தையல்காரர் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "தையல் மெஷினை மிதிச்சா பாடுது மேஸ்திரி. நிறுத்தினா நிறுத்திடுது. வேலை இல்லாத நாள்லயும் நான் சும்மா ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மாமா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "உமியை ஊதுறீங்களா?"

"ஊதுறேன். பாதித் தினையும் போயிடுது."

"போகட்டும். போடுறது நிறையப் போடுங்க."

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு முற்பகலில், அக்கா அவருக்கு முகம் துடைக்க ஈரத்துணி எடுத்துவரப் போயிருந்த நேரத்தில், மாமா போய்விட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்ததால் எனக்கு உடனே தெரியவில்லை.

வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அக்காவுக்கு ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் வேலை கிடைத்தது. தங்க ஓர் அறையும் கொடுத்தார்கள். நான் அச்சகத்து நண்பன் ஒருவனோடு தங்க ஏற்பாடு செய்தேன். சாமான் கட்டிக்கொண்டிருந்த கடைசி நாளில், அடுத்து வருகிறவர்களுக்காக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பண்ணையிலிருந்து ஒரு ஆளை அனுப்பியிருந்தார்கள். வயசானவர். வாளியை வாசலில் வைத்துவிட்டு, கூண்டு தொங்கிய வெளுப்பான இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஸ்திரி நல்ல மனுஷன் என்று என்னிடம் சொன்னார். கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் தனக்கு டீ வாங்கித் தருவார் என்றார்.

"பச்சை பிடிச்சப்பவும் நீங்கதான் அடிச்சீங்களா?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டதுதான்.

"எப்பப் பச்சை பிடிச்சுது?"

"போன தடவை. பையெல்லாம் எடுத்துப் புதைச்சீங்களே, அப்ப."

"அதுவா?" அவர் சுண்ணாம்பு மட்டையை வாளியில் முக்கி எடுத்தார். உள்ளறையில் அக்கா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "அதுல பச்சையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி. குழி வெட்டினதே நான்தான், ஒவ்வொரு பையா நான்தான் கையில வாங்கி உள்ளே போட்டேன். அத்தனையும் வெள்ளை வெளேர்னு பூத்து நின்னுது. மனசே வரல. என்ன மேஸ்திரி, நல்ல பையைப் போய்ப் புதைக்கச் சொல்றீங்கன்னு கேட்டேன். நாளைக்குக் குருவியைக் குடுக்கப்போறேன், இன்னைக்குள்ள கொட்டகை காலியாகணும்னார். குருவிக்கும் கொட்டகைக்கும் என்ன சம்பந்தம்னு நானும் கேட்கல, அவரும் சொல்லல."